காஜி யாருக்கு?

சென்னைத் தெருக் கிரிக்கெட்டில் 'காஜி' என்று ஒரு சொல் உண்டு. மட்டை பிடிக்கிற முறை என்று பொருள். "யாருடா காஜி?" என்றால் அடுத்து ஆடப்போவது யார் என்று கேட்பது. அவுட்டே ஆகாமல் நெடுநேரம் நிற்கிறவன் 'காஜி அடிக்கிறான்'. மற்றவர்கள் வெயிலில் பந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்கிற வசவும் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. இது தனிச்சொல் அல்ல, இதைச் சுற்றி ஒரு முழு மொழியே இருக்கிறது. பந்து போடத் தெரியாமல் அகல அகலமாக வீசுகிறவனின் ஓவரைப் பாதியிலேயே வெட்டிவிட்டால் அது 'பேபி ஓவர்'. ஆள் ஒற்றைப்படையில் வந்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் ஆடுகிறவன் 'ஜோக்கர்'. கையை மடக்கி எறிந்தால் 'மாங்கா'. மாங்காய்க்குக் கல்லெறிந்து பழகிய கை என்பது அதன் வரலாறு. தோற்றவன் பந்தோ பணமோ கொடுத்தாக வேண்டும் என்றால் 'பெட் மேட்ச்'. எதிர்வீட்டு மாடியில் நேராகப் போய் விழுந்தால் அவுட், சுவரில் பட்டுத் திரும்பினால் இரண்டு ரன், வீட்டுக்கார மாமி பந்தை எடுத்து வைத்துக்கொண்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

விளையாட்டைப் பற்றி எழுத வந்தவன் எதற்காக இந்தச் சில்லறைச் சொற்களில் தொடங்குகிறான் என்று கேட்கலாம். இவை சில்லறை அல்ல என்பதுதான் விஷயம். கிரிக்கெட்டின் விதிகளை லண்டனிலுள்ள மேரிலிபோன் கிளப் 1788இல் எழுதி வைத்தது. அந்த விதிகள் புல்வெளியை முன்னனுமானித்து எழுதப்பட்டவை. நில உடைமையாளர்களின் புல்வெளி அது. நம் தெரு அந்த விதிகளை வாங்கித் தன் அகலத்துக்கு வெட்டிக்கொண்டது. பதினைந்தடிச் சந்தில் நான்கு பக்கமும் வீடு, நடுவில் ஒரு மின்கம்பம், ஓரத்தில் யாரோ நிறுத்தி வைத்த வண்டி. இதற்குள் இருபது பேருக்கும் காஜி வரவேண்டும் என்றால் என்ன சட்டம் தேவையோ அதைப் பையன்களே உட்கார்ந்து இயற்றினார்கள். நடுவர் கிடையாது. மேல்முறையீடு கத்தித்தான் நடக்கும். அடுத்த தெருவுக்குப் போனால் அங்கே வேறு சட்டம். பண்பாட்டு உற்பத்தி என்று நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த இடம் இதுதான்.

கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் தெரு உண்டாக்கிய ஏறக்குறைய எல்லாமே மேலே எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. அதன் சத்தம், அதன் பட்டப்பெயர், அதன் அடி, அதன் பந்துவீச்சு எல்லாவற்றுக்கும் விலை ஒட்டப்பட்டு, மஞ்சள் சாயம் பூசப்பட்டு, தெருவுக்கே திரும்ப விற்கப்படுகிறது. போக முடியாதது ஒன்றே ஒன்றுதான், ஆடிக்கொண்டிருந்த ஆள். இந்தக் கட்டுரை சொல்ல முயல்வது இதைத்தான்.

முதலில் நம் பக்கத்துக் கணக்கைப் பார்த்துவிடலாம். முற்போக்காளர்கள் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு விளையாட்டு குறித்து இரண்டே நிலைப்பாடுகள்தான் இருந்து வந்திருக்கின்றன. ஒன்று, கிரிக்கெட் ஓர் அபின், ஏகாதிபத்தியம் விட்டுச் சென்ற எச்சம், பதினொரு முட்டாள்கள் ஆட பதினோராயிரம் முட்டாள்கள் பார்க்கிறார்கள் என்கிற அந்தப் பழைய, யார் சொன்னது என்றே தெரியாமல் எல்லார் பெயரிலும் சுற்றுகிற நக்கல். மற்றொன்று, கட்டுரையில் அதைத் திட்டி எழுதிவிட்டு ராத்திரி ஏழரை மணிக்கு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்கோர் பார்ப்பது. இரண்டிலும் யோசனை இல்லை. சினிமாவைக் குறித்து நாம் எவ்வளவோ பேசிவிட்டோம். அதற்குச் சமமாகத் தமிழ் இளைஞனின் நேரத்தையும் உடலையும் ஆசையையும் எடுத்துக்கொண்ட ஒன்றைப் பற்றி நம்மிடம் ஒரு கோட்பாட்டுச் சொல்கூட இல்லை.

டிரினிடாடின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் மார்க்சியர், அடிமைகளின் புரட்சி வரலாற்றை எழுதியவர். அவர் 1963இல் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 'பியாண்ட் எ பவுண்டரி'. அதில் தன் ஊர்க் கிளப்புகளை அவர் வரிசைப்படுத்துகிற பகுதி நமக்கு முக்கியம். குயின்ஸ் பார்க் வெள்ளையருக்கும் பணக்காரருக்கும். மேப்பிள் பழுப்புத்தோல் நடுத்தர வர்க்கத்துக்கு. ஷானன் கறுப்புக் கீழ்நடுத்தர வர்க்கத்துக்கு. ஸ்டிங்கோ யாருமற்றவர்களுக்கு. கறுப்பரான ஜேம்ஸ் ஷானனுக்குப் போகாமல் மேப்பிளுக்குப் போனார். அந்த ஒரு தேர்வு தன் அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் பின்தள்ளிவிட்டது என்று பிற்பாடு எழுதினார். ஒரு தீவின் இன, வர்க்க அடுக்கு முழுவதையும் லீக் பட்டியலில் படித்துவிட முடியும் என்று காட்டியவர் அவர்.

நம் லீக் பட்டியலை இப்படி யார் படித்தார்கள்? சென்னையில் வெள்ளையர் 1846இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். சேப்பாக்கத்தில் ஆட வருகிற இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடம் கிடையாது, மரத்தடிதான். லஸ்ஸில் வாழ்ந்த செல்வந்தர் புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உண்டாக்கியது இந்த அவமானத்திலிருந்துதான். 1915-16 முதல் பொங்கலை ஒட்டி வெள்ளையரும் இந்தியரும் எதிரெதிராக ஆடிய மாகாண ஆட்டம் நடந்தது. இதுவரை எல்லோரும் எழுதுகிறார்கள், பெருமையாக. மரத்தடியிலிருந்து பெவிலியனுக்குள் நுழைந்தவர்கள் யார், அவர்கள் நுழைந்தபின் மரத்தடிக்கு யார் வந்தார்கள் என்று கேட்கும்போதுதான் பேச்சு நின்றுபோகிறது. மேற்கே பூனாவில் பல்வங்கர் பாலு, சாமார் சாதியில் பிறந்தவர், வெள்ளையருக்கு வலையில் பந்து வீசிக் கற்றுக்கொண்டவர், 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். உள்ளூர் இந்துக் கிளப்பில் அவருக்குத் தேநீர் வெளியே, மண் குவளையில். ஆட்டத்தில் அவர் தொட்ட அதே பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தீட்டு தேநீர் இடைவேளையில்தான் ஞாபகம் வந்தது. பம்பாயில் இந்தக் கதை இன்று ஆய்வாகியிருக்கிறது. சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலத்துக் கிளப்புகளின் சமூகவியலை எழுத ஆளில்லை. சுசீந்திரனின் 'ஜீவா' (2014) தேர்வாளர் ஒருவர் பையனின் முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோல் தடவிப் பார்க்கிற காட்சியை வைத்தது. பூணூல் இருக்கிறதா என்று தேடும் கை அது. ஆய்வாளன் எழுதாததை வணிக சினிமா எழுத வேண்டியிருந்தது.

ஆனால் சாதியை முதுகில் மட்டும் தேடினால் போதாது. பந்தில் தேட வேண்டும்.

தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஒரே திடலில் ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ ஆட்டங்கள். ஓர் அணியின் ஸ்லிப் ஆள் இன்னோர் அணியின் லாங் ஆனுக்கு முதுகு காட்டி நிற்கிறான். குறுக்கே வரும் பந்து எந்த ஆட்டத்துப் பந்து என்று பார்த்தவுடனே தெரிந்துகொள்கிற ஒரு கண் அங்கே எல்லாருக்கும் வாய்த்திருக்கிறது. எல்லாமே டென்னிஸ் பந்து. இங்கிருந்து லெதர் பந்துக்குள்ள தூரத்தைக் காலால் நடந்து கடக்க முடியாது. லெதர் பந்துக்கு மட்டை வேறு, காலுறை வேறு, தலைக்கவசம் வேறு. அதற்கு விரிப்போ புல்தரையோ வேண்டும், வலை வேண்டும், கோச்சிங் வேண்டும். காலை ஐந்தரைக்கு மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட ஓர் அப்பா வேண்டும். அந்த அப்பாவுக்கு அந்த நேரத்தில் வேலை இல்லாதிருக்க வேண்டும். யாரும் யாரையும் தடுக்கவில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது. 'தகுதி' என்று பெயர் சூட்டப்பட்ட எல்லாவற்றையும் போலவே.

இரண்டு பந்தும் இரண்டு உடலை உண்டாக்குகின்றன. டென்னிஸ் பந்து எழும்பும், இடுப்புக்கும் நெஞ்சுக்கும் வரும். அதை நேர்மட்டையால் தடுத்து நிறுத்துவது வீண். குறுக்கே வாரித்தான் அடிக்க வேண்டும். எழும்பும் பந்து அடிவாங்கும் என்பதால் வீசுகிறவன் அதை எழும்பவே விடக்கூடாது, நேராகக் கால்விரலுக்கு இறக்க வேண்டும். ஆக, வாரி அடிப்பதும் யார்க்கரும் தெருவின் கண்டுபிடிப்புகளாக இல்லாவிட்டாலும் தெருவின் தேவைகள். அகாடமி இதைத்தான் 'கெட்ட பழக்கம்' என்றது. "டென்னிஸ் பால் ஆடாதே, கை கெட்டுப்போகும்" என்பது கோச்சுகள் சொல்லும் முதல் அறிவுரை. கை எதில் கெடுகிறது? ஆங்கிலேயப் பள்ளிகளில் நேர்மட்டை என்பது ஒழுக்கத்துக்கே இன்னொரு பெயராக இருந்தது. அதையே நம் அகாடமி ஆசாரமாக எடுத்துக்கொண்டது. உடலைப் பழக்குவது அதிகாரத்தின் முதல் வேலை என்று ஃபூக்கோவைப் படித்து நாம் தெரிந்துகொண்டதை, முட்டியை உயர்த்து, தோளைத் திருப்பு என்று தினமும் காலையில் வலைக்குள்ளே கேட்கலாம்.

பிறகு இருபது ஓவர் ஆட்டம் வந்தது. நேரம் குறைந்ததும் நேர்மட்டை பயனற்றுப்போயிற்று. குறுக்கே வாருவதும், விரலுக்கு இறக்குவதும் திடீரென்று கோடிகளுக்கு விலைபோகும் திறமைகளாயின. நேற்றுவரை கெட்ட பழக்கம், இன்று 'புதுமை'!

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன் இந்த இடத்தில்தான் வருகிறார். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரக் கடை. டென்னிஸ் பந்தில் ஆடி, சென்னைக்கு வந்து, லீகின் கீழ்ப்படியிலிருந்து ஏறி, 2014-15 பருவத்தில் ரஞ்சிக்கு வந்தார். வந்த வேகத்தில் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். தெருமொழியில் சொன்னால் மாங்கா. கையைத் திருத்திக்கொண்டு மீண்டும் வர ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. தமிழ்நாடு பிரீமியர் லீகில் அவருடைய யார்க்கர்கள் பேசப்பட்டன. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

இந்தக் கதையை நம் ஊடகங்கள் எப்படிச் சொல்கின்றன என்று கவனியுங்கள். 'உழைத்தால் உயரலாம்.' ஆயிரக்கணக்கானோர் நின்றிருக்கிற வாசலில் ஒருவன் நுழைந்துவிட்டதும், வாசல் எப்போதும் திறந்துதானே இருந்தது என்பதற்கு அவனையே சாட்சியாக்குகிறார்கள். நடராஜனின் சாதனையை இதனால் ஒரு துளிகூடக் குறைக்க முடியாது. ஊரில் மைதானம் அமைத்தவர் அவர், வாசலைப் பற்றி அவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். அவரைப் படமாக்குகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு.

கை என்றதும் முத்தையா முரளிதரனைச் சொல்லாமல் போக முடியாது. 1995 டிசம்பரில் மெல்போர்னில் அவர் எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் திரும்பத் திரும்ப நோ-பால் கொடுத்தார். உலகம் முழுக்க அந்தக் கை ஆராயப்பட்டது. ஆய்வு நடந்தபோது என்ன தெரிந்தது? சுத்தமான கை என்று புகழப்பட்ட பந்துவீச்சாளர்களில் பெரும்பாலோர் கையும் கொஞ்சம் மடங்கி நிமிரத்தான் செய்கிறது. கடைசியில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் எல்லாருக்குமாக 15 டிகிரி என்று ஒரு வரம்பு வைத்தது. நேரான கை என்பது யாருடைய தோளிலும் இருந்ததில்லை. அதை ஒரு மலையகத் தமிழனின் கையில் தேடும்போதுதான் அது இல்லையென்று தெரிந்தது! இதே முரளிதரன் 2013இல் பெங்களூர் அணியில் இருந்தபோது, இலங்கை வீரர்கள் ஆடக்கூடாது என்று முதல்வர் ஜெயலலிதா வலியுறுத்தியதால் ஐ.பி.எல். நிர்வாகம் விதித்த தடையில், சென்னையில் ஆட முடியாமல் போனவர்களில் ஒருவரானார். முரளிதரனின் அரசியல் குறித்து நமக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் முள்ளிவாய்க்காலுக்கு நியாயம் கேட்ட ஊர் அந்த நியாயத்தை நிறைவேற்றக் கண்டுபிடித்த இடம் ஒரு சிமென்ட் கம்பெனியின் அணி ஆடும் மைதானம் என்பதும், அங்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒரு தமிழன் இருந்தான் என்பதும் யோசிக்க வேண்டியவை.

சிமென்ட் கம்பெனிக்கு வருவோம். 2008இல் இந்தியா சிமென்ட்ஸ் 91 மில்லியன் டாலருக்குச் சென்னை அணியை ஏலம் எடுத்தது. கிரிக்கெட் வாரிய நிர்வாகிக்கு ஆட்டத்தில் வணிக நலன் இருக்கக்கூடாது என்கிற விதி அதே ஆண்டில் ஐ.பி.எல்.லுக்கு மட்டும் விலக்கு தந்து திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தை உச்சநீதிமன்றம் 2015 ஜனவரியில் ரத்து செய்தது. சூதாட்ட விவகாரத்தில் அணி 2016, 2017 இரண்டு பருவங்கள் நீக்கி வைக்கப்பட்டது. இதெல்லாம் செய்தித்தாள் சமாச்சாரம், எல்லோருக்கும் தெரியும். நமக்கு வேண்டியது வேறு. இவ்வளவும் நடந்தபின் 2018இல் அந்த அணி திரும்பி வந்தபோது மக்கள் அழுதார்கள். ஏன் அழுதார்கள்?

'விசில் போடு' என்பதில் விடை இருக்கிறது. விசில் யாருடையது? தரை டிக்கெட்டுடையது. தமிழ் சினிமாக் கொட்டகையில் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்தவன் நாக்கை மடித்து எழுப்பிய சத்தம். பால்கனிக்காரர்கள் முகஞ்சுளித்த, 'காலிப் பசங்க' சத்தம். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டது. அதை ஒரு நிறுவனம் எடுத்துத் தன் அடையாளமாக்கி, ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களின் கையில் பிளாஸ்டிக் விசிலாகக் கொடுத்தது. நாக்கு மடிக்கத் தெரியாதவர்களுக்கான விசில். 'தல' என்ற சொல்லுக்கும் இதே பயணம்தான். அது தெருவில் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறவனை அழைத்த சொல். அங்கிருந்து சினிமாவுக்குப் போய் அஜித்குமாரின் பட்டமாகி, பிறகு ராஞ்சிக்காரர் ஒருவரின் பெயராகிவிட்டது. அஜித் 2021 டிசம்பரில் தன்னை அப்படி அழைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். தோனிக்கு அந்தச் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு எளிய முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. மக்கள் ஏமாந்தார்கள் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவது சுலபம். அவர்கள் அங்கே கண்டது தங்கள் சொந்தச் சத்தத்தை. தொலைக்காட்சியில், உலகம் பார்க்க, வெட்கமில்லாமல் தன் விசில் ஒலிக்கிறது என்பது சும்மாவா? பறிக்கப்பட்டது திரும்பி வருகிறபோது வருகிற கண்ணீர் பொய்யானது அல்ல. விலைச்சீட்டோடு திரும்பி வருகிறது, அவ்வளவுதான். சட்டப்பேரவையில் 2023 ஏப்ரலில் பா.ம.க. உறுப்பினர் ஒருவர், தமிழ் வீரர்களை எடுக்காத அணி தமிழர் அணி என்று சொல்லிச் சம்பாதிக்கிறது, தடை செய்யுங்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கோரிக்கை சிரிப்புக்குரியதாக இருக்கலாம். பெயரையும் விசிலையும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள் என்கிற கணக்கு சரியாகத்தான் இருந்தது.

2018 ஏப்ரல் 10ஆம் தேதி, காவிரி மேலாண்மை வாரியத்துக்காகத் தமிழ்நாடு தெருவில் நின்றபோது சேப்பாக்கத்தில் ஆட்டம் நடத்தினார்கள். அண்ணா சாலையில் மறியல், உள்ளே எல்லைக்கோட்டருகே செருப்பு வந்து விழுந்தது. மிச்சமிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. விளையாட்டில் அரசியல் கலக்காதீர்கள் என்றார்கள். அட, 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்ததே ஒரு கிரிக்கெட் போட்டியின் ஒளிபரப்பு வழக்கில்தான். அரசின் ஏகபோகத்தை உடைக்கச் சொன்ன 'பொது' அது. அந்தப் பொது வழியாக வந்தது எது? 2022இல் ஐந்தாண்டு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விலைபோனது. இதைவிடப் பெரிய அரசியல் எது? மறியல் செய்தவர்கள் இலக்கைச் சரியாகவே பார்த்தார்கள். ஆனால் 'சோறு முக்கியமா, ஸ்கோர் முக்கியமா' என்று அவர்கள் ரசிகனை நோக்கிக் கேட்ட தொனி நம்முடைய பழைய அபின் தொனிதான். பத்து நாள்கூட ஆகவில்லை, புனே ஆட்டத்துக்கு ஒரு தனி ரயில் நிறைய ரசிகர்கள் மஞ்சள் சட்டையில் கிளம்பிப் போனார்கள். அவனோடு பேச நம்மிடம் மொழி இல்லை என்பதைக் காட்டியது அந்த ரயில்.

மறுபடியும் தி.நகர். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயரில், 1920களில், மாம்பலத்து ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர் இது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர்ப்பலகை மட்டும் மிச்சம், லேக் போய் நூறு வருஷமாகிறது. நடேசன், பனகல் என்று பூங்காவுக்கெல்லாம் பார்ப்பனரல்லாதார் இயக்கத்துப் பெயர்களை வைத்தார்கள். பொதுவெளி என்கிற கனவு அந்தப் பெயர்களில் இருந்தது. இன்று தி.நகரில் அதிகமாக இருக்கிற இளைஞர்கள் யார்? ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடைகளில் நிற்கிறார்களே, நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள், அவர்கள்தான். உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்தது. அதாவது அதுவரை உட்காருவதே உரிமை இல்லை. விளையாடுவதற்குப் பந்துக்கும் மட்டைக்கும் முன்னால் ஒரு சாயங்காலம் வேண்டும். பண்டிகைக் காலத்தில் கடை சாத்தும் நேரத்துக்கு எந்த மைதானத்தில் வெளிச்சம் இருக்கும்? நடைபாதையில் ஏழாம் எண் மஞ்சள் பனியன் கயிற்றில் தொங்குகிறது, போலிதான், இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதை வாங்கிப் போட்டுக்கொண்டு அந்தப் பையன் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று நாலு பந்து பார்ப்பான். அவனுடைய கிரிக்கெட் அவ்வளவுதான். இதைப் பார்க்கிற எவனும் 'விளையாட்டு மோகம் இளைஞர்களைக் கெடுக்கிறது' என்று எழுதமாட்டான்.

சோமசுந்தரம் மைதானத்தைச் சொர்க்கமாக்கவும் வேண்டாம். அங்கே பெண் பிள்ளைகள் எத்தனை பேர் ஆடுகிறார்கள்? தெருவின் சட்டத்தை இயற்றிய அவையில் ஒரு பெண்ணும் இல்லை. மாமி பந்தை எடுத்து வைத்துக்கொண்டாள் என்று நாம் சிரிக்கிறோமே, அந்தக் கதையில் பெண் வருகிற ஒரே இடம் அதுதான். சாதியும் அங்கே உண்டு. அரக்கோணத்தைக் களமாக வைத்து எடுத்த 'ப்ளூ ஸ்டார்' (2024), ஒரே ஊரில் இரண்டு அணி ஏன் இருக்கிறது என்று கேட்டது. தென்மாவட்டக் கபடியைப் பற்றி மாரி செல்வராஜின் 'பைசன்' (2025) கேட்டதும் அதுதான். தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் போட்டி சுவரொட்டியையும் பாருங்கள், பரிசுத்தொகைக்கு மேலே யார் யார் படம் இருக்கிறது என்று. மைதானம் பொதுவாக இருப்பதால் அது சமத்துவமாகிவிடாது. ஆனால் பொதுவாக இல்லாத மைதானத்தில் இந்தச் சண்டையைக்கூடப் போட முடியாது.

அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் செயற்கைப் புல் பதித்த 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கத் தீர்மானம் போட்டது. ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம். பராமரிப்புக்குக் காசு வேண்டாமா என்பது வாதம். வடசென்னையில் வெறுங்காலோடு பந்து உதைத்துத் தேசிய அளவுக்குப் போன பிள்ளைகளின் ஊரில், ஆட ஒரு மணிக்கு ஒரு விலை. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். தோழமைக் கட்சிகளே கேட்டன, ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். நம் சிறுபத்திரிகை எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஒரு பெண் கண்ணகி நகர் கார்த்திகா. ஊர்ப்பெயர் முன்னொட்டாகவே நின்றுவிட்டது. கண்ணகி நகர் என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்தவர்களை நகரத்திலிருந்து கழற்றி 2000 முதல் கொண்டுபோய்க் கொட்டிய இடம். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகள் வேறு ஊர் பெயர் சொன்ன காலம் உண்டு. அரசு 25 லட்சம் கொடுத்தது, எல்லாக் கட்சிக்காரர்களும் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். கபடிக்கு லெதர் பந்து வேண்டாம். கொஞ்சம் தரையும், மூச்சும், கோடு கிழிக்க ஒரு குச்சியும் போதும் என்பதால்தான் அது அங்கே பிழைத்தது. மேலே போனால் அதற்கும் விரிப்பு வேண்டும், உள்ளரங்கம் வேண்டும், அந்த விரிப்பு நகரத்துக்குள்ளே இருக்கும்.

திடல்களை விற்கும் தீர்மானம் வாபஸ் ஆனதே தவிர அந்த விலை வாபஸ் ஆகவில்லை. தி.நகரைச் சுற்றியும், ராஜீவ் காந்தி சாலை நெடுகவும், வேளச்சேரியிலும் வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற 'டர்ஃப்'கள் வந்துவிட்டன. பந்து வலையைத் தாண்டாது. காம்பவுண்டுச் சுவர் இல்லை, மாமி இல்லை, குறுக்கே வரும் அடுத்த ஆட்டத்துப் பந்து இல்லை. மணி முடிந்தால் விளக்கை அணைத்துவிடுவார்கள், கடைசி ஓவராக இருந்தாலும். ஆகவே சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறார்கள். காசு கொடுத்தவர்களுக்கு முதலில் காஜி.